கொலுவில் மின்னிய ராஜராஜன் காசு: விட்டுப்போன நாணயச் சேகரிப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2017 தை மாதம் மயிலாடுதுறையில் எங்கள் பழைய வீட்டைக் காலி செய்தோம். அப்பாவின் மரப் பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பா, கையகல மரப்பெட்டி, பிளாஸ்டிக் ஆல்பம், கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு ஆகிய நான்கும் வெளியே வந்தன. எல்லாம் அக்காவுடையவை. 1984இல் கல்யாணமாகித் திருவாரூருக்குப் போனபோது அவர் விட்டுச் சென்ற நாணயச் சேகரிப்பு. எண்ணிப் பார்த்தோம்: டப்பாவில் 231, மரப்பெட்டியில் 7, ஆல்பத்தில் 174. மொத்தம் 412 காசுகள்.

33 ஆண்டுகளில் அந்தக் காசுகளுக்கு என்ன நேர்ந்தது, அக்கா திரும்பி வந்தபோது எதைச் செய்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்பதை வரிசையாக எழுதி வைக்க விரும்புகிறேன். காவிரிப் பாசன ஊர்களில் இப்படி மூடிக் கிடக்கும் டப்பாக்கள் நிறைய உண்டு. இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தச் சேகரிப்புக்கு நேர்ந்த சேதத்தில் பெரும்பங்கு என் கையால் நேர்ந்தது. அதை மறைத்துவிட்டு இந்த ஆய்வை எழுத முடியாது.

சேர்த்த காலம்

அக்காவுக்கு ஒன்பது வயதில், 1971இல், அப்பாயியின் சுருக்குப் பையிலிருந்து ஒரு ஓட்டைக் காலணா கிடைத்தது. போர்க்காலத்து உலோகத் தட்டுப்பாட்டில், 1943 முதல் நடுவில் பெரிய துளையோடு அடிக்கப்பட்ட காசு அது. சித்தப்பா கைக்குழந்தையாக இருந்தபோது அதை அவருடைய அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்ததாக அப்பாயி சொல்வார். அக்கா அன்றே அணாக் கணக்கையும் கற்றுக்கொண்டார். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி, ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. 1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வந்து அந்தக் கணக்கைத் துடைத்துப் போட்டிருந்தது. ஆனால் அப்பாயியின் வாயில் அது அப்படியே இருந்தது. கால் ரூபாய் கடைசி வரை அவருக்கு நாலணாதான்.

அதன்பின் மூன்று வழிகளில் காசுகள் வந்தன. நாகூர்ப் பக்கத்துச் சிநேகிதி வீட்டிலிருந்து மலாயாக் காசுகள். ரஜூலா கப்பலில் போய் வந்தவர்களின் பெட்டியில் கிடந்த சதுரமான ஒரு சென்ட் காசு தெருப்பிள்ளைகள் எல்லோரையும் வாயடைக்க வைத்தது. பொறையாறு மாமாவிடமிருந்து தரங்கம்பாடிக் கடற்கரைக் காசுகள். மழைக்காலத்தில் கடல் அரித்த மணலில் கண்டெடுத்ததாக மாமா சொல்லித் தருவார். மூன்றாவது, கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடை. பழைய செம்பு எடைக்கு வந்து விழும் இடம் அது. உருக்குவதற்கு முன் அந்தக் கூடையைக் கிளற, கடைக்காரர் பத்து வயதுப் பெண்ணுக்கு இரக்கப்பட்டு அனுமதி தந்தார். ராஜராஜன் காசுகள் அங்கிருந்து வந்தன.

அந்தக் காசைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அமர்ந்த உருவத்தின் கைப்பக்கம் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. தமிழ் எழுத்தைத் தேடியவர்கள் ஏமாந்து போவார்கள். இலங்கை வரை புழங்கிய செப்புக் காசு, இன்றும் அரிதானது அல்ல. ஆனால் பெரிய கோயிலைக் கட்டியவன் பெயரை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பது தஞ்சாவூர்ச் சீமைப் பிள்ளைக்குச் சாதாரண விஷயம் இல்லை.

நோட்டைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். ஒவ்வொரு காசுக்கும் ஒரு வரி: தேதி, யார் கொடுத்தது, எந்த ஊர், என்ன விலை. '12-8-1973, பொறையாறு மாமா, கடற்கரை, காசு இல்லை' என்பது ஒரு வரி. பக்கத்திலேயே காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுத்த அச்சு. யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் விளையாட்டாகச் செய்ததை அக்கா ஒழுங்காகச் செய்தார், அவ்வளவுதான். 268 காசுகளுக்கு இப்படி வரி இருக்கிறது. கடைசி மூன்று ஆண்டுகளில் வந்த 144 காசுகளுக்கு இல்லை. கல்லூரி, தேர்வு, பெண் பார்க்க வந்தவர்கள் என்று நாட்கள் ஓடியதில் எழுதுவது நின்றுபோயிற்று.

1984இல் சீர்வரிசைப் பாத்திரங்களை எண்ணி எண்ணி லாரியில் ஏற்றினார்கள். பிஸ்கட் டப்பாவை யாரும் எண்ணவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

திறந்தபோது கண்டது

டப்பாவில் இருந்தவற்றை முதலில் பார்த்தோம். பழைய செய்தித்தாளில் பொட்டலம் பொட்டலமாகச் சுற்றியிருந்தது. வெள்ளி ரூபாய்கள் கறுத்திருந்தன. தாளும் காற்றும் சேர்ந்து வெள்ளியின் மேல் ஏற்றும் கறுப்பு அது. அடியில் எழுத்தும் தலையும் பழுதில்லாமல் இருந்தன. 1947 ரூபாயைக் காந்தத்தில் ஒட்டிப் பார்த்தோம், ஒட்டியது. அது நிக்கல், வெள்ளி இல்லை. 1940 முதல் ரூபாயில் வெள்ளி பாதியாகி, 1947இல் முழுவதும் போய்விட்டது என்ற வரலாற்றை ஒரு காந்தத் துண்டு சொல்லிவிடும். அம்மா பூஜைக்கென்று ஒதுக்கி, பிறகு அக்காவுக்கே கொடுத்த தாமரை போட்ட 20 பைசாக்கள் மஞ்சள் மங்காமல் கிடந்தன. 231 காசுகளில் கெட்டுப்போனதாகச் சொல்ல ஒன்றுகூட இல்லை.

அடுத்து மரப்பெட்டி. மாமா தானே இழைத்து, மூடிக்குக் கீல் வைத்து, அக்காவுக்குப் பொங்கலன்று கொடுத்தது. அவர் தந்த தரங்கம்பாடிக் காசுகளில் ஈயத்தால் ஆன ஏழு மட்டும் அதில் இருந்தன. திறந்தபோது ஐந்துதான் காசாக இருந்தன. மற்ற இரண்டின் இடத்தில் விபூதியைப் போல வெள்ளைப் பொடி. மரம் மெல்ல மெல்ல அமில ஆவியை விடும். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி ஈயத்தைத் தின்று வெண்பொடியாக்கிவிடும். செம்புக்கும் வெள்ளிக்கும் அதனால் பெரிய கேடு இல்லை, ஈயத்துக்கு அது எமன். அந்தப் பொடி நஞ்சு. வெறும் கையால் தொடக் கூடாது, வாயால் ஊதவும் கூடாது. எங்களுக்கு அன்று அது தெரியாது. நான் ஊதிவிட்டேன்.

கடைசியாக ஆல்பம். இதைப் பற்றி எழுதத்தான் கை தயங்குகிறது.

1986 நவராத்திரிக்கு எனக்குப் பதின்மூன்று வயது. அக்கா இல்லாத வீட்டில் கொலு வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கொலுவில் செட்டியார் பொம்மை உண்டு, முன்னால் மளிகைக் கடை பரப்பி உட்கார்ந்திருப்பவர். அவருக்குக் கல்லா வேண்டாமா? அக்காவின் செப்புக் காசுகள் 26ஐ எடுத்தேன். அவற்றில் 17 ராஜராஜன் காசுகள். கறுப்பும் பச்சையுமாக இருந்தவற்றைக் குத்துவிளக்கு தேய்ப்பது போலவே புளி போட்டுத் தேய்த்தேன். சாம்பலும் சேர்த்தேன். அரை மணி நேரத்தில் எல்லாம் சிவந்து மின்னின. கொலு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அக்காவுக்குக் கடிதத்தில் பெருமையாக எழுதவும் செய்தேன்.

செம்பின் மேல் பல நூறு ஆண்டுகளில் படியும் அந்தக் கரும்பச்சைத் தோல் அழுக்கு அல்ல. உலோகமே காற்றோடும் மண்ணோடும் கலந்து தனக்குப் போர்த்திக்கொண்ட காப்பு. நல்ல காசில் எழுத்தின் விளிம்பும் உருவத்தின் விரலும் அந்தத் தோலில்தான் நிற்கும். புளியின் அமிலம் தோலைக் கரைக்கும், சாம்பல் எஞ்சியதைச் சுரண்டும். 17இல் 11 காசுகளில் இன்று 'ராஜராஜ' என்பதை விரலால் தடவிக்கூட உணர முடியாது. திரும்ப வராது.

1994இல், இனியாவது பத்திரமாக இருக்கட்டும் என்று, அந்த 26ஐயும் வேறு நல்ல காசுகளையும் எடுத்து, புதிதாக வாங்கிய மெத்தென்ற பிளாஸ்டிக் ஆல்பத்தில் செருகினேன். புதுச் செருப்புக் கடையில் அடிப்பது போல ஒரு வாசனை அதில் அடித்தது. அந்த வாசனைதான் எச்சரிக்கை. பிவிசி பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் வருடக்கணக்கில் கசிந்து காசின் மேல் பிசுபிசுப்பாகப் படியும். பிளாஸ்டிக் சிதையும்போது வரும் அமிலம் செம்பை அரித்துப் பச்சையாக்கும். 2017இல் பக்கங்களைப் புரட்டியபோது ஒட்டிக்கொண்டு வந்தன. ஏறக்குறைய 60 காசுகளில் பச்சைப் பிசின்.

அக்கா ஒரு ராஜராஜன் காசை வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"தேய்த்தது நீயா தம்பி?"

"ஆமாம் அக்கா. கொலுவுக்காக. கடிதத்தில் எழுதியிருந்தேனே."

"எழுதியிருந்தாய். நானும் சந்தோஷப்பட்டுப் பதில் போட்டேன். அன்றைக்கு எனக்கும்தானே தெரியாது."

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றியதை இங்கே பதிவு செய்கிறேன். சேகரிப்பைக் கெடுத்தது கைவிடல் அல்ல. யாரும் தொடாமல் டப்பாவில் கிடந்தவை பிழைத்துக்கொண்டன. மாமாவின் பெட்டி, என் புளி, என் ஆல்பம் என்று பாசத்தோடு பார்த்துக்கொண்டவைதான் அழிந்தன. சேகரிப்பை விட்டுவிட்டு வருடங்கள் கழித்துத் திரும்புகிறவருக்கு வரும் முதல் ஆசையும் அந்தப் பாசம்தான்: எடுத்துத் துடைத்துப் பளிச்சென்று வைக்க வேண்டும் என்பது. ஆகவே திரும்பிய முதல் மாதங்களே அந்தக் காசுகளுக்கு 33 ஆண்டுகளைவிட ஆபத்தானவை என்று நினைக்கிறேன்.

திரும்பிய முதல் ஆண்டு

அக்கா டப்பாவைத் திருவாரூருக்கு எடுத்துச் சென்றார். இன்னும் மூன்று ஆண்டுகள் பள்ளிக்கூட வேலை பாக்கி. மாலையில் ஒரு மணி நேரம், அதற்கு மேல் இல்லை. அத்தான் ஒரு சிறு மின் தராசு வாங்கித் தந்தார். முதல் நான்கு மாதங்கள் அக்கா செய்தது ஒன்றே: நோட்டில் உள்ள வரியோடு காசைப் பொருத்திப் பார்ப்பது. பென்சில் அச்சையும் எடையையும் வைத்து 268இல் 251ஐ அடையாளம் கண்டார். பொடியாகிப்போன இரண்டு ஈயக் காசுகளின் அச்சும் நோட்டில் இருந்தது. மேலே முடி, அதன் கீழ் பின்னிக்கொண்ட எழுத்து, டென்மார்க் அரசரின் பெயரெழுத்து. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் இறங்கியவர்கள், 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும் வரை அங்கே புழங்கிய காசுகளில் தொடக்க காலத்தவை ஈயம், பிந்தியவை செம்பு. காசு போய்விட்டது, அதன் முகம் பதினோரு வயதுப் பெண் உரசிய பென்சில் கோட்டில் மிஞ்சியிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஆல்பத்துக் காசுகளுக்கு மட்டும் சிகிச்சை தேவைப்பட்டது. கலப்பில்லாத அசிட்டோன் வாங்கினோம். நகப்பூச்சு அழிக்கும் திரவம் கூடாது, அதில் வாசனையும் எண்ணெயும் சேர்ந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில், அடுப்பும் விளக்கும் இல்லாத மொட்டை மாடியில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை திரவத்தை மாற்றி எடுத்து, துணியால் தேய்க்காமல் ஒற்றி உலர்த்தினோம். பிசின் போய்விட்டது. ஏற்கெனவே அரித்த குழிகள் அப்படியே இருக்கின்றன. அசிட்டோன் உலோகத்தைத் தொடுவதில்லை, அது கரைப்பது பிசினை மட்டுமே. புளிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

பிழையும் நடந்தது. ஐந்தாவது மாதம் அக்காவுக்கு வாங்கும் ஆசை வந்தது. இணையத்தில் ஒருவர் 1818 என்று போட்ட கிழக்கிந்தியக் கம்பெனி அரையணாவை, ராமர் பட்டாபிஷேகம் பொறித்தது என்று 3,500 ரூபாய்க்குக் கொடுத்தார். வந்து சேர்ந்ததும் எடை பார்த்தோம், கண்ணாடி வைத்துப் பார்த்தோம், விசாரித்தோம். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. 1835 அரையணாவில் இருப்பது சிங்கங்கள் தாங்கிய கம்பெனி இலச்சினை. தெய்வ உருவம் போட்ட இந்த 1818 வகையறா எல்லாம் பிற்காலத்து வில்லைகள். 1984க்கு முன் அக்கா காசு வாங்கியதெல்லாம் முகம் தெரிந்தவர்களிடம். விற்றவர் பொய் சொன்னால் மறுவாரம் கடைத்தெருவில் பார்த்துக் கேட்கலாம். அந்தப் பழைய நம்பிக்கையை அப்படியே புதிய சந்தைக்குக் கொண்டுபோனதுதான் பிழை. பழைய 5 ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கட்டணம் செலுத்துங்கள் என்று அழைப்பவர்களும் அப்போதுதான் பெருகியிருந்தார்கள். தன் பெயரைச் சொல்லி இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்க வேண்டியிருந்தது.

அந்தப் போலி இப்போதும் அக்காவிடம் இருக்கிறது, நோட்டில் ஒரு வரியோடு.

சுருக்கிக்கொண்டது

மலாயா, சிலோன், இன்னும் பல நாட்டுக் காசுகளில் நோட்டில் வரி இல்லாதவற்றை அக்கா தன் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். உலகம் முழுவதையும் சேர்க்கும் வயது போய்விட்டது என்றார். வைத்துக்கொண்டது இந்த ஆற்றுப் படுகையில் புழங்கிய காசுகளை. அது சின்ன வட்டம் இல்லை. தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள், காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள், 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தில் இருந்த டச்சுக்காரர்கள் என்று மூன்று ஐரோப்பியரின் காசு, நாற்பது கிலோமீட்டருக்குள், ஒரே நாள் பஸ் பயணத்தில். டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தில் அடித்த செப்புக் காசில் ஒரு பக்கம் காளி உருவம், மறுபக்கம் தமிழில் ஊர்ப் பெயர். அவர்களுடைய 'டொய்ட்' என்ற சில்லறைதான் நம் வாயில் 'துட்டு' ஆயிற்று. அந்தக் காளிக் காசு ஒன்று கூடையில் எடுத்த செம்புகளுக்குள் கறுத்துப்போய், யாரும் தேய்க்காமல், டப்பாவில் இருந்தது. 1974இல் 25 பைசா கொடுத்து வாங்கியது என்று நோட்டு சொல்கிறது. சேகரிப்பிலேயே எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் மகன் ஊருக்கு வந்தபோது ஒரு ராஜராஜன் காசு கேட்டான். அக்கா மறுத்துவிட்டார். நூறு ஆண்டு கடந்த காசு, 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாதது. "இங்கே வந்து பார்த்துக்கொள் கண்ணு" என்று சொல்லி அனுப்பினார். வயலிலோ அஸ்திவாரத்திலோ புதையலாகக் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 1878ஆம் ஆண்டுச் சட்டமும் இன்றும் நடப்பில் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் ஒரு செம்பு நிறையக் காசுகளோடு வந்தபோது அக்கா வாங்க மறுத்து அவரை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்.

விட்ட ஆண்டுகள்

இது அக்காவின் சொந்த யோசனை, இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. சேர்க்காமல் இருந்த 1984 முதல் 2017 வரை, ஆண்டுக்கு ஒரு சாதாரணக் காசு. பழங்காசுக் கடையில் வாங்குவதில்லை. சில்லறையில், கோயில் உண்டியல் எண்ணும் இடத்தில், உறவினர் வீட்டு மண் உண்டியலில் தேடுவது. தேடத் தொடங்கியபோதுதான் எவ்வளவு மாறியிருக்கிறது என்று தெரிந்தது. அக்காவுக்குத் தெரிந்த நாணயச்சாலைக் குறிகள் (காசு அடித்த இடத்தைக் காட்டுபவை) மூன்று: வைரக் குறி பம்பாய், நட்சத்திரம் ஐதராபாத், ஒன்றும் இல்லாவிட்டால் கல்கத்தா. ஆண்டுக்குக் கீழே ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டு அச்சுப் பிழை என்று தனியே எடுத்து வைத்தார். அது 1988இல் வந்த நொய்டா நாணயச்சாலையின் குறி. அதே ஆண்டில் சில்லறை எஃகுக்கு மாறியிருந்தது. 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாக் காசுகள் ஆயின. கையில் இருந்தவற்றை எடைக்குப் போட்டது அக்காவுக்கு நினைவிருக்கிறது.

1995இல் தஞ்சாவூரில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. வள்ளுவர் உருவம் போட்ட காசு வந்தது. "என் கைக்கே வந்தது. பார்த்தேன், அழகாக இருக்கிறது என்று நினைத்தேன், கீரைக்காரியிடம் கொடுத்துவிட்டேன்" என்றார் அக்கா. 2010இல் பெரிய கோயிலின் ஆயிரமாம் ஆண்டுக்கு 5 ரூபாய் வந்தபோதும் அப்படித்தான். வேலை, பிள்ளைகள், மாமியாரின் நோய் என்று இருந்த ஆண்டுகளில் காசு காசாகவே இருந்தது. இப்போது 34 கட்டங்களில் 31 நிரம்பியிருக்கின்றன. 2010 கோயில் காசு திருவாரூர்ப் பூக்கடையில் சில்லறையாக வந்தது. வள்ளுவரை இன்னும் தேடுகிறார்.

இப்போதைய நிலை

எல்லாக் காசுகளும் அமிலமில்லாத தாள் உறைகளில், மூடி இறுகும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு இருக்கின்றன. ஈயக் காசுகள் மரத்திலிருந்து விலக்கித் தனியே. மாமாவின் மரப்பெட்டி அலமாரியில் வெறுமையாக இருக்கிறது. அதை எறிய அக்காவுக்கு மனம் வரவில்லை.

ஒரு பிரச்சினை தீரவில்லை. தேய்க்கப்பட்ட ராஜராஜன் காசுகளில் இரண்டில் வெளிர்பச்சைப் பொட்டுகள் முளைத்தன. விரல் பட்டால் மாவாக உதிரும் வகை. உலோகத்துக்குள் தங்கிய உப்பு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உள்ளேயே அமிலம் உண்டாக்கி அரித்துக்கொண்டே போகும் நோய் இது. காப்புத் தோலை நான் எடுத்துவிட்டதால் ஈரம் எளிதாக உள்ளே போயிருக்கும் என்று நினைக்கிறேன். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தினமும் நீரை மாற்றி, ஆறு வாரம் பார்த்தோம். ஒன்று அடங்கிவிட்டது. மற்றொன்று அடங்குவதும் துளிர்ப்பதுமாக இருக்கிறது. அதை மற்றவற்றோடு வைப்பதில்லை, தனி உறை, தனி டப்பா. ஐப்பசி அடைமழை தொடங்குமுன் ஒருமுறையும் மார்கழியில் ஒருமுறையும் சிலிக்கா மணிகளை மாற்றிவிட்டுப் பொட்டு பெரிதாகியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அக்கா அதை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்.

நோட்டில் அந்தக் காசுகள் ஒவ்வொன்றின் பழைய வரிக்குக் கீழும், அதே கையெழுத்தில், நீல மையில் ஒரு வரி கூடியிருக்கிறது: '1986, கொலு, செட்டியார் கடைக்கு, தம்பி புளி போட்டது.'